வேறு யாரெல்லாம் பணம் போட்டிருக்கிறார்கள்?

சான் ஹோசே, கலிபோர்னியா
1999 அக்டோபர் 3

அன்புள்ள அக்கா சுல்மிராவுக்கு,

தம்பி பெல்மீரு உன் கையை முத்தமிட்டு எழுதுவது. நான் சுகம். இடது முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. உன் மூச்சிரைப்பு எப்படி? செவலைப் பசு கன்று போட்டதா? உனக்கு ஃபோனில் பேசினால் கேட்காது, எனக்கு எழுதத் தெரியாது. நல்ல ஜோடி நாம்.

இந்தக் கடிதத்தை எழுதுவது நம் செத்துப்போன தம்பி அமாருவின் மகள் டியோலிண்டா. விஷயமே அவளைப் பற்றியதுதான். வேறு ஆளைத் தேடிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க பெரியப்பா, சொன்னபடி எழுதறேன். கொஞ்சம் மெதுவா திட்டுங்க, பேனா உங்க வாய் வேகத்துக்கு வராது" என்றாள்.

தோட்டத்தை விற்ற பணத்தை அவளுடைய கூட்டு நிதியில் போட்டோம் அல்லவா? நம்மைப் போலவே ஆப்ரிகாட் மரங்களை வெட்டி நிலத்தை விற்ற குடும்பங்களும் போட்டன. அந்தப் பணத்தைப் புதிதாகத் தொடங்கும் கம்பெனிகளில் போட்டு வளர்ப்பது அவள் வேலை. இன்று இந்தப் பள்ளத்தாக்கில் யாரைப் பார்த்தாலும் இன்டர்நெட்டில் கடை வைத்தவனுக்குத்தான் பணம் கொடுக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்து ராதோவிச்சின் மருமகன் வேறொரு நிதியில் போட்டது ஒரே வருஷத்தில் எட்டு மடங்காம். நம் பெண் அதில் ஒரு செம்புக்காசு போடவில்லை. எதில் போட்டிருக்கிறாள் தெரியுமா? கரண்ட் இல்லாமல் ரத்தத்தைக் குளிராக வைத்திருக்கும் பெட்டி. போய்ப் பார்த்தேன். பழைய கம்பளக் கடை ஒன்றில் இரண்டு பேர் நம் கசாப்புக்காரனிடம் பன்றி ரத்தம் வாங்கி வந்து, அதில் வெப்பமானியைச் சொருகிவிட்டு அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ரத்தத்தைக் குடலில் அடைத்து மோர்சேலா செய்திருந்தால் நாலு பேர் வயிறாவது நிறைந்திருக்கும்.

ராதோவிச் ஒரு தாள் தயார் செய்து குடும்பம் குடும்பமாகக் கையெழுத்து வாங்குகிறான். ஜனவரி முடிவதற்குள் நான்கில் மூன்று பங்குக்கு உரியவர்கள் போட்டுவிட்டால் டியோலிண்டாவை நீக்கி, நிதியை மூடி, இருப்பதைப் பிரித்துக் கொள்ளலாம். மற்றவர்கள் போட்டாயிற்று. நம் பங்கு ஒன்றுதான் பாக்கி; அது பெரிய பங்கு, அது சேராமல் முக்கால் வராது. தோட்டம் உன் பேரில் இருந்ததால் பங்கும் உன் பேரில். அமாரு மகள் தலைக்கனம் பிடித்தவள். ஊரே ஒரு பாதையில் போனால் அவளுக்கு வேலியைத் தாண்டித்தான் போக வேண்டும். கையெழுத்துப் போட்டுவிடுவது நல்லது என்றுதான் எனக்குப் படுகிறது. மூத்தவள் நீ யோசித்துச் சொல்.

தாள் இதனுடன் இருக்கிறது. குளிரில் வெளியே போகாதே.

உன் தம்பி
பெல்மீரு


அங்ரா, டெர்செய்ரா தீவு
1999 அக்டோபர் 29

தம்பி பெல்மீரு,

கடவுள் உன் முழங்காலைக் காப்பாற்றட்டும். என் மூச்சு காற்று அடிக்கும் திசையைப் பொறுத்தது. கன்று கிடேரி. மழை இந்த வருஷம் சீக்கிரம் தொடங்கிவிட்டது.

இந்தக் கடிதம் உன் வீட்டுக்கு வராமல் அனிசெட்டுவின் சவரக்கடைக்கு ஏன் வருகிறது என்று யோசிப்பாய். வீட்டுக்கு வந்தால் அவள்தானே படிப்பாள். நீ அவளைத் திட்டியிருக்கிறாய். அவளே அதை அழகான கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். அது நேர்மையா, சாமர்த்தியமா? திட்டை எழுதிவிட்டால் மற்றதைக் கிழவி நம்பிவிடுவாள் என்று நினைத்தாளா? நீ இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பாயோ என்றும் தோன்றுகிறது. எனக்கு இந்த வயதில் யாருடைய மனசுக்குள்ளும் போய்ப் பார்க்கத் தெம்பில்லை.

வேறு ஒருவர் கையால் எழுது. அப்போது முடிவு செய்கிறேன்.

அனிசெட்டுவின் அம்மா இங்கே நலம் என்று சொல்.

சுல்மிரா


சான் ஹோசே
1999 நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பெல்மீரு எழுதிக்கொள்வது. (வணக்கம் அக்கா, அனிசெட்டு எழுதுகிறேன். அம்மா செய்தி கேட்டுச் சந்தோஷம்.) நான் சவர நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன், இவன் ஒரு கையில் கத்தியும் ஒரு கையில் பேனாவுமாக எழுதுகிறான். காது இரண்டும் இன்னும் இருக்கின்றன. நீ சுகமாக இருக்க வேண்டும்.

முந்தைய கடிதத்தில் இருந்தது எல்லாம் நான் சொன்னதுதான். ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை. அவள் எழுதி முடித்து எனக்குப் படித்துக் காட்டினாள். என் புத்தி இப்போதும் இரண்டு பக்கமும் போகிறது. ராதோவிச் சொல்வது நியாயமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் ஏன் இப்படிப் பிடிவாதமாக இருக்கிறாள் என்று அவளிடம் நான் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

(அக்கா, இங்கே கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாரும் பங்கு வாங்கியிருக்கிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். தினமும் ஏறுகிறது. கடவுள் கண்ணைத் திறந்த நேரம் இது.)

தேவாலயத்துக் கூரையை மாற்றியாகிவிட்டது. வேறு விசேஷம் இல்லை. ஆகவே அக்கா, இனி யோசிக்க வேண்டாம், உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. எல்லாரும் போட்டாகிவிட்டது.

தம்பி
பெல்மீரு


அங்ரா
1999 டிசம்பர் 9

தம்பி,

நீயும் முழங்காலும் நலமா? நான் இருக்கிறேன். வடக்கு அறையில் இப்போது படுப்பதில்லை, சமையலறையில் அடுப்புப் பக்கம் கதகதப்பாக இருக்கிறது.

இனி யோசிக்க வேண்டாம், உடனே போடு என்று நீ எழுதியதால் போட்டுவிட்டேன். நோட்டரி முன்னால் முத்திரை வாங்க வேண்டும். ஜனவரி முதல் வாரம் மூன்று அரசர் திருநாள் முடிந்து அவர் அலுவலகம் திறந்ததும் போய் வாங்கி அனுப்புகிறேன். முடிவாகிவிட்டதால் இதை உன் வீட்டுக்கே அனுப்புகிறேன். அவள் படித்தாலும் பரவாயில்லை. அவளுக்கு என் ஆசீர்வாதம்.

கிறிஸ்துமஸுக்குத் தனியாகச் சாப்பிடாதே.

சுல்மிரா


சான் ஹோசே
1999 டிசம்பர் 28

அன்புள்ள அக்கா,

உன் ஆரோக்கியத்துக்கு இந்தத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் நலம். இதை டியோலிண்டா எழுதுகிறாள். விரைவுத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உடனே படி.

உன் கடிதத்தை அவள்தான் படித்தாள். தன் தலைக்கு விழுந்த தீர்ப்பைத் தானே வாசிப்பது போல. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அத்தை ஆசீர்வாதம் சொல்லியிருக்காங்க. காபி இன்னும் ஊத்தவா?" என்றாள்.

"நில்லு. முதல்ல இருந்து படி" என்றேன். படித்தாள். "உடனே போடுன்னு நான் சொல்லவே இல்லையே" என்றேன்.

என்னை உனக்குத் தெரியும். காகிதம் வேண்டாத மண்டை எனக்கு. அன்றைக்கு நாற்காலியில் சொன்னதை காது முதல் தேவாலயக் கூரை வரை ஒப்பித்தேன். கூரையோடு கடிதம் முடிகிறது. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. நேரே சவரக்கடைக்குப் போனேன்.

"அனிசெட்டு, நான் சொல்லாததை ஏன்டா எழுதினே?"

"அண்ணே, நீங்க சொல்ல வந்தது அதுதானே. கடையில இருந்த அத்தனை பேரும் அதைத்தான் சொன்னாங்க."

"அத்தனை பேர் சொன்னா அது நான் சொன்னதா ஆயிடுமா?"

"உங்க நல்லதுக்குத்தான்ணே. நீங்க மட்டும் தனியா நின்னுட்டு அப்புறம் வருத்தப்படக்கூடாதுன்னு" என்று கண் கலங்கிவிட்டான். கெட்ட மனசு இல்லை அவனுக்கு. காசு வாங்காமல் சவரம் செய்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து டியோலிண்டாவிடம், "எழுது. கையெழுத்துப் போடுன்னு நான் எப்பவுமே சொல்லலைன்னு எழுது" என்றேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "அக்டோபர்ல சொன்னீங்களே பெரியப்பா. 'போட்டுடறது நல்லது'ன்னு. அது அனிசெட்டு மாமா சொன்னது இல்ல, நீங்க சொன்னது. நான்தான் எழுதினேன். அதை அடிக்க மாட்டேன்."

"அடிச்சா உனக்குத்தானடி லாபம்."

"அதனாலதான் அடிக்க மாட்டேங்கறேன்."

அக்கா, அப்போதுதான் அவளை உட்கார வைத்துக் கேட்டேன். "ஊரே கொண்டாடுற அந்த சோபாக் கடையில நீ ஏன் போடலை?" என்று. இன்டர்நெட்டில் சோபா விற்கும் கம்பெனி. ஐந்து பெரிய நிதிக்காரர்கள் போட்டிருந்தார்கள். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டங்களில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "வேற யாரெல்லாம் போட்டிருக்காங்க?" என்பதாம். ஐந்து பேரைச் சொன்னதும் அறையே தலையாட்டிவிட்டது. இவள் அந்த ஐந்து பேருக்கும் தனித்தனியாக ஃபோன் செய்து, "நீங்க கணக்கைப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். முதல் ஆள், இரண்டாம் ஆள் ரொம்பக் கறார், அவர் பார்க்காமல் போடுவாரா என்றான். இரண்டாமவன் மூன்றாமவனைக் காட்டினான். இப்படியே போய் ஐந்தாம் ஆள் முதல் ஆள் பெயரைச் சொன்னான்.

"அஞ்சு பேரும் வட்டமா நின்னு ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துட்டிருக்காங்க பெரியப்பா. கணக்கு நடுவுல கிடக்கு, அந்தப் பக்கம் யார் முகமும் திரும்பலை."

பிறகு அவளே கிடங்குக்குப் போனாள். வாங்கியவர்கள் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய சோபாக்கள் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுப்பதற்கும் திரும்ப எடுத்து வருவதற்கும் ஆகும் லாரிக்கூலி சோபா விலையையே தின்கிறது. அங்கே லாரி ஏற்றிக்கொண்டிருந்தவரிடம் கேட்டாளாம், நிதிக்காரர்கள் யாராவது வந்தார்களா என்று. "கழிப்பறை எங்கேன்னு கேட்டு ஒருத்தர் வந்தார்" என்றாராம்.

"அப்ப எல்லாரும் போடறதுல போடக்கூடாது, அதானே உன் கட்சி?" என்றேன்.

"இல்ல. எல்லாரும் போடறாங்கன்றது ஒரு காரணம் இல்ல. யாரும் போடலைன்றதும் காரணம் இல்ல."

அக்கா, போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. அனிசெட்டுவின் வரி என் வரி அல்ல. அக்டோபர் வரி என்னுடையதுதான், இப்போது அதில் எனக்குப் பிடிமானம் இல்லை. அவ்வளவுதான். புது வருஷம் உனக்கு நல்லபடி பிறக்கட்டும்.

பெல்மீரு


அங்ரா
2000 பிப்ரவரி 11

தம்பி பெல்மீரு,

நலமாக இரு. உன் விரைவுக் கடிதம் திருநாளுக்கு மறுவாரம் வந்தது. இங்கே மூன்று வாரம் புயல், கப்பலும் இல்லை, விமானமும் இல்லை. வாளிகளை நாள் முழுக்கக் காலி செய்துகொண்டிருந்ததில் கை வலி, அதுதான் எழுதத் தாமதம்.

நோட்டரியிடம் போகவில்லை. ஜனவரியும் முடிந்துவிட்டது. போட்ட கையெழுத்தோடு தாள் அடுப்புக்குப் போயிற்று.

கிழவி ஏன் இப்படிச் செய்தாள் என்று ராதோவிச் உன்னைப் பிடித்துக்கொள்வான், ஆகவே சொல்கிறேன். உன் மூன்று கடிதங்களையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவன் சொல்லச் சொல்ல எழுதும்போது ஒரு சொல்லை விட்டுவிடுவதும் சேர்ப்பதும் எவ்வளவு சுலபம். நமக்கு நன்மை செய்ய நினைத்தவன் சேர்த்தான். தன் பிழைப்பே போகும் என்று தெரிந்தவள் "தலைக்கனம் பிடித்தவள்" என்பதைத் தன் கையாலேயே முழுசாக எழுதியிருக்கிறாள், எழுத்தைச் சிறிதாக்கக்கூட இல்லை. அது சாமர்த்தியமா என்று அன்று கேட்டேன். "அடிக்க மாட்டேன்" என்று அவள் சொன்னதைப் படித்தபின் அந்தக் கேள்வி எனக்கு இல்லை. சோபா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

கன்று வளர்கிறது.

சுல்மிரா


சான் ஹோசே
2000 மே 21

அன்புள்ள அக்கா,

சுகமாக இருக்கிறாயா? என் முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், திருவிழா ஊர்வலத்தில் கடைசிவரை நடந்தேன்.

உனக்கு அங்கே செய்தி வந்திருக்கும். ஏப்ரலில் எல்லாம் சரிந்துவிட்டது. சோபாக் கடை மூடி, வாசலில் பூட்டு தொங்குகிறது. ராதோவிச்சின் மருமகன் வீட்டை விற்கிறான். அனிசெட்டு பாவம், இந்த வருஷம் ஊருக்கு வருவதாக இருந்தான், இல்லை என்று அவன் அம்மாவிடம் நீதான் பதமாகச் சொல்ல வேண்டும். நான் இப்போது வாரம் இரண்டு தடவை சவரத்துக்குப் போகிறேன், முகத்தில் மயிர் இருக்கிறதோ இல்லையோ.

ரத்தப் பெட்டிக்கு மலைப்பிரதேச ஆஸ்பத்திரி ஒன்று ஆர்டர் கொடுத்திருக்கிறது. ஆனால் டியோலிண்டா போட்ட இன்னொரு கம்பெனி படுத்துவிட்டது. அதைப் பங்குக்காரர்கள் கூட்டத்தில் முதல் விஷயமாக அவளே எழுந்து சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை. அவளை நீக்கக் கையெழுத்துப் போட்டவர்கள் அத்தனை பேரும் இனிப்பு ரொட்டியோடு வந்து நிற்கிறார்கள். "அம்மா டியோலிண்டா, இன்னும் பணம் தரோம், வாங்கிக்கோ" என்கிறான் ராதோவிச். "எதுக்குன்னு தெரியாம வாங்கி என்ன பண்ண?" என்று ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஒன்று கேட்கிறேன். நீ மழை என்றாய், அறை மாறிப் படுப்பதாகச் சொன்னாய், வாளி என்றாய். கூரை என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. நிதியைப் பிரித்திருந்தால் அந்தக் கூரை மாறியிருக்கும். என் ஓய்வுப் பணத்திலிருந்து அனுப்பியிருக்கிறேன். ஓட்டுக்காரனைக் கூப்பிடு, மறுபேச்சு வேண்டாம்.

பெல்மீரு


அங்ரா
2000 ஜூலை 6

தம்பி,

நீ நலமாயிருக்க மன்றாடுகிறேன். வடக்கு அறையில் படுக்கிறேன். அனிசெட்டுவின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், அழவில்லை. திருவிழாவில் கயிறு கட்டி ஓடவிடும் காளை இந்த வருஷம் நம் தெருவில் தபால்காரரை மதிலேற்றிவிட்டது.

சுல்மிரா


சான் ஹோசே
2000 நவம்பர் 12

அக்கா,

நலமா? எனக்கு உடம்பு நலம், மனசு இல்லை. டியோலிண்டாதான் எழுதுகிறாள், எழுதட்டும்.

நாம் ஒப்புக்கொண்ட பணம் முழுவதையும் அவள் இன்னும் வாங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். தேவைப்படும்போது கேட்பாள், கட்ட வேண்டும். ஜனவரியில் கடைசிப் பகுதியைக் கேட்கப் போகிறாள். எதற்கு? அந்தச் சோபாக் கடையில் வேலை போன இரண்டு பெண்கள், எந்த லாரி எந்தச் சரக்கை ஏற்றி எந்த வழியே போனால் கூலி குறையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒன்றை இன்டர்நெட்டில் நடத்தப் போகிறார்களாம். இன்டர்நெட் என்றாலே இங்கே கதவைச் சாத்துகிற நேரம். "பொணத்தோட சட்டைப்பையில கையை விடறா" என்கிறான் ராதோவிச். இந்தத் தடவை அவன் சொல்வதில் எனக்கும் சம்மதம்.

"போன வருஷம் எல்லாரும் ஓடி வந்தப்ப வேண்டாம்னே. இப்ப எல்லாரும் ஓடிப் போறப்ப வேணும்ங்கறே. குறுக்க போறதே உனக்குப் பொழப்பா?" என்றேன்.

"உங்களுக்கு ஏன் வேண்டாம்னு மட்டும் சொல்லுங்க. மத்தவங்களை விடுங்க" என்று காகிதத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

சொன்னேன். லாரிக்காரர்கள் யார் சொல்லியும் வழி மாற மாட்டார்கள். பெரிய கம்பெனி ஒன்று இதையே செய்தால் இவர்கள் கதி என்ன? தோற்ற கடையில் இருந்தவர்களுக்குத் தோற்கத்தான் தெரியும். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனாள்.

குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து மறுத்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. நாமும் மறுத்துவிடலாம். நீ என்ன சொல்கிறாய்?

பெல்மீரு


அங்ரா
2000 டிசம்பர் 4

தம்பி பெல்மீரு,

உனக்கும் அவளுக்கும் ஆண்டவர் துணை. எனக்கு மூச்சு பரவாயில்லை.

நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நீ மூத்தவள் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாய். நான் தம்பி அங்கே பக்கத்தில் இருக்கிறான், அவனுக்குத் தெரியும் என்று காத்திருக்கிறேன். ஐந்து பேர் வேண்டாம், இரண்டு பேரே போதும் அந்த வட்டத்துக்கு.

பங்கை உன் பேருக்கு மாற்றி எழுதி நோட்டரி முத்திரையோடு இதில் வைத்திருக்கிறேன். இனி அது உன்னுடையது. கட்டுவதும் மறுப்பதும் உன் இஷ்டம். செய்தபிறகு எனக்குச் சொன்னால் போதும், முன்னால் சொல்லாதே.

சுல்மிரா


சான் ஹோசே
2001 ஜனவரி 14

அன்புள்ள அக்கா,

உன் உடல்நலம் அறிய ஆவல். நான் நன்றாக இருக்கிறேன், டியோலிண்டா மெலிந்திருக்கிறாள்.

ராதோவிச்சும் மற்றவர்களும் என் சமையலறையில் கூடினார்கள். அவன் பேசப் பேச எல்லார் தலையும் ஆடியது. என் தலையும். "பெல்மீரு அண்ணன் நம்ம பக்கம்" என்றான். எந்தக் காரணத்துக்காக என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. "நீங்க ஏன் வேண்டாம்ங்கறீங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன். "ராதோவிச் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ராதோவிச்சைக் கேட்டேன். "இத்தனை பேர் தப்பாவா சொல்வாங்க?" என்றான். எல்லாருக்கும் அல்காத்ரா இறைச்சிக் குழம்பு பரிமாறி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் டியோலிண்டா வந்தாள், என் மூன்று கேள்விகளோடு. அந்தப் பெண்களிடம் அப்படியே கொண்டுபோய்க் கேட்டிருக்கிறாள். ஸ்டாக்டன் பக்கம் லாரிக்காரர்களோடு ஒரு வாரம் வண்டியில் போயிருக்கிறாள். கூலி மிச்சத்தில் தங்களுக்குப் பங்கு கொடுத்தால் வழி மாறுவோம் என்று அவர்கள் சொன்னார்களாம், கொடுப்பதாக ஏற்பாடு. தோற்ற கடையில் எது தோற்றது, எது தோற்கவில்லை என்று அந்தப் பெண்கள் பிரித்துக் காட்டினார்களாம்.

"பெரிய கம்பெனிக்காரன் வந்தா?" என்றேன்.

"அதுக்கு அவங்ககிட்டயும் பதில் இல்ல, என்கிட்டயும் இல்ல. நீங்க சொல்றது நிஜமான பயம்தான் பெரியப்பா. வந்தா போயிடும்."

இத்தனை வருஷத்தில் பணம் கேட்டு வந்தவர்கள் யாரும் என் பயத்தை என்னிடமே இவ்வளவு பத்திரமாகத் திருப்பிக் கொடுத்ததில்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு வங்கிக்கு நடந்தேன், அவளை வர வேண்டாம் என்றுவிட்டு. யாரிடமும் கேட்கவில்லை. கட்டைவிரலை மையில் வைத்து அழுத்தினேன், கட்டிவிட்டேன். குடும்பங்களில் நான் ஒருவன்தான் இதுவரை.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். "கட்டிட்டேன். ஆனா நீ செய்யறது தப்புன்னுதான் இப்பவும் நினைக்கிறேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது. அப்புறம், "அத்தைக்கு அதையும் எழுதவா?" என்றாள்.

"முதல்ல அதை எழுது" என்றேன். இவள் கடைசியில் எழுதியிருக்கிறாள்.

பெல்மீரு